இரண்டு தட்டு

"நான் ரெண்டு தட்டுத் தட்டாம நீ பாயிண்டைத் தொடக் கூடாது. அதான் மொதச் சட்டம்."

"சரி. நீங்க தட்டிப்புட்டு, தட்டவே இல்லைன்னு சொன்னீகன்னா நான் என்ன செய்ய?"

"அப்படிச் சொல்றவன் ரயில்ல வேலை பாக்கவே லாயக்கில்ல. கோட்டைக் கழட்டி மாட்டிட்டு மார்க்கையன்கோட்டைக்கு ஏரு பிடிக்கப் போயிரணும்."

"அப்ப வயலுக்குக் கஞ்சி நான்தான் சொமக்கணுமாக்கும்."

"பின்ன, வேற எவ சொமப்பா?"

கல்யாணமான மூன்றாம் மாதம் நடந்த பேச்சு இது. ஆறு வருஷம் ஆகிவிட்டது. சொல்லிவிட்டுக் கர்ணன் சிரித்த சிரிப்புகூடப் பவுனுவுக்கு மறக்கவில்லை. இத்தனை நாளும் நினைத்தால் இனித்த அந்தப் பேச்சு, இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நினைவுக்கு வந்தபோது அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது.

காரணம், கூடத்து மூலையில் சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகையைக் காட்டி, அவள் புருஷன் அப்போதுதான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்.

"அதைச் சொமந்துக்கிட்டுப் போக முடியாது. ஒடைச்சு அடுப்புக்குப் போட்டுரு."

கர்ணன் மஞ்சணத்திப்பட்டி ஸ்டேஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். தேனியிலிருந்து போடிக்குப் போகிற பாதையில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு ஸ்டேஷன், ஒரு கூட்ஸ் ஷெட், மூன்று குவார்ட்டர்ஸ். அவ்வளவுதான் ஊர். அன்று காலை வண்டியில் அவனுக்கு உத்தரவு வந்திருந்தது. மதுரைக்குப் பக்கத்தில் பெரிய ஸ்டேஷனுக்கு மாற்றல், அதுவும் ஒரு படி ஏற்றிக்கொடுத்து. புதன்கிழமை கிளம்ப வேண்டும். தேனிக்குப் போய்வந்த ரயில் கார்டிடம் சொல்லி வாங்கிய அல்வாப் பொட்டலமும் மல்லிகைப் பூவுமாக வீட்டுக்குள் நுழைந்தவன், எந்தெந்தச் சாமானைக் கட்டுவது, எதை விடுவது என்று அடுக்கிக்கொண்டே போனான். அவன் குரலில் சந்தோஷத்தைவிட அவசரம்தான் அதிகம் இருந்தது. இந்த ஊரை விட்டுத் தொலைந்தால் போதும் என்கிற அவசரம்.

பவுனு பூவை வாங்கவில்லை. நேரே மூலைக்குப் போய், பலகையின் மேல் உலரப் போட்டிருந்த துணிகளை உருவி எறிந்தாள். ஆள் உயரக் கதவுப் பலகை அது. தனியாகவே இழுத்து வந்து இரண்டு பெஞ்சுகளின் மேல் கிடத்தினாள். தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"என்ன செய்ற?"

"அடுப்புக்குப் போடுறதுக்கு முன்னால ஒருக்கா ஆடிப் பாத்துருவோம்."

"இப்பவா? நாலு மாசமா நீயும் தொடலை, நானும் தொடலை."

"அதான் இப்பத் தொடுறேன்."

பழைய கதவில் மூங்கில் சிம்புகளைத் தண்டவாளமாக அறைந்து, மஞ்சணத்திப்பட்டி யார்டை அப்படியே சின்னதாகச் செய்திருந்தான் கர்ணன். நடுவில் மெயின் லைன். அதற்கு வடக்கே, பிரிந்து போய் மறுபடி மெயினிலேயே சேர்கிற லூப் லைன். தெற்கே கூட்ஸ் ஷெட்டுக்குப் பிரிந்து போய் முட்டுக்கட்டையில் முட்டி நிற்கிற ஷெட் லைன். முருங்கைக் கட்டையில் செதுக்கிய வேகன்கள், பித்தளைக் கம்பிக் கொக்கிகள், விளக்குக் கரி பூசின எஞ்சின். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத அந்தப் பொட்டல் காட்டில் புது மனைவி அழுதுகொண்டிருக்கக் கூடாதே என்று செய்தது. பார்த்தவர்கள் பொம்மை ரயில் என்றால் அவனுக்குக் கோபம் வரும். நிஜ யார்டில் என்ன நடக்குமோ அதுதான் பலகையில் நடக்க வேண்டும் என்பான். ஒவ்வொரு வேகனுக்கும் அது எங்கே போக வேண்டும் என்று சீட்டு உண்டு. பாசஞ்சர் வருகிற நேரத்துக்குள் மெயின் லைன் காலியாக வேண்டும். சுவர்க் கடிகாரத்தின் ஒரு நிமிஷம் பலகையில் ஐந்து நிமிஷம். எஞ்சினும் கொடியும் அவன் பொறுப்பு. கொக்கி கழற்றுவதும், தண்டவாளம் பிரிகிற இடத்தில் பாயிண்ட் திருப்பி வழி மாற்றுவதும் அவள் பொறுப்பு. கொக்கி கழற்ற அவளுடைய கொண்டை ஊசி. பச்சைக் கொடிக்குப் பதிலாக அவன் இடது கை விரலால் பலகை விளிம்பில் இரண்டு தட்டு. விளையாடும்போது பலகைக்கு முன்னால் வீட்டுப் பேச்சுக் கூடாது.

அவள் ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் ஒரு வருஷத்துக்குள் யார்டை அவனுக்குச் சமமாகப் படித்துவிட்டாள். ஒரு பங்குனி மாதம், பதினோரு வேகனைப் பிரித்து அடுக்கும் வேலையை ஒரு பிசகு இல்லாமல், கடிகாரத்துக்கு மிச்சம் வைத்து முடித்தாள். அசந்து போனவன், என்ன வேண்டுமோ கேள், எதுவானாலும் செய்கிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னான். இப்போது ஒன்றும் தோன்றவில்லை, தோன்றும்போது கேட்கிறேன் என்றாள் அவள். அதற்குப் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி, பொங்கலுக்குப் பொங்கல், கேட்டுத் தொலையேன் என்று அவன் நச்சரிப்பதும், அவள் சிரித்து மழுப்புவதும் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. கையில் ஒரு வரம் இருக்கிறது என்கிற நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் அது போதாமல் போனது.

அவளுடைய தம்பி முத்துக்கருப்பன் அதே ஸ்டேஷனில், லெவரை இழுத்துப் பாயிண்ட் மாற்றுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்தான். மச்சான் சிபாரிசில் சேர்ந்தவன். மாசியில் ஒரு நாள், ஸ்டேஷன் மாஸ்டர் காய்ச்சலில் படுத்திருக்க, கர்ணன் தனியாக ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதுரைப் பக்கமிருந்து வந்த கூட்ஸில் பஞ்சு மில்லுக்கு ஒரு வேகன் மிஷின் இருந்தது. அந்த வேகன் ஓடும்போதே கழற்றி விடப்பட்டு, ஷெட் லைனுக்குள் பாய்ந்து, அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒச்சாண்டியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே இல்லாமல் செய்துவிட்டது. விசாரணைக்கு மதுரையிலிருந்து ரயில்வே துரை வந்தார். ஆபீசுக்குள் தந்தி பார்த்துக்கொண்டிருந்தேன், வெளியே நடந்தது எனக்குத் தெரியாது என்றான் கர்ணன். பாயிண்ட்ஸ்மேன்தான் கொடி காட்டினான் என்று டிரைவரும் கார்டும் ஒரே குரலில் சொன்னார்கள். முத்துக்கருப்பன் வாயே திறக்கவில்லை. அன்றைக்கே அவன் வேலை போயிற்று.

இப்போது அவன் போடியில் ஏலக்காய் மூட்டை சுமக்கிறான். சொந்த ஊரான மார்க்கையன்கோட்டையில் அவன் பேரே மாறிப்போய்விட்டது. காலை எடுத்தவன் என்றால்தான் தெரிகிறது. ஞாயிறு தவறாமல் ஒச்சாண்டி வீட்டுக்குப் போய் வாசலில் நிற்பான். ஒச்சாண்டியின் பெண்சாதி அய்யம்மாள் சாணித் தண்ணீரை எடுத்து ஊற்றுவாள். மறு ஞாயிறும் போவான். அக்கா வீட்டு வாசலை மட்டும் அவன் மிதிப்பதே இல்லை.

தேனிச் சந்தையில் ஒரு தடவை பவுனு அவனை மறித்துக்கொண்டாள். விடாமல் பிடுங்கி எடுத்ததில், தலையைக் குனிந்துகொண்டு ஒன்றே ஒன்று சொன்னான். "மச்சான் கொடி காட்டுனாக, நான் இழுத்தேன்க்கா. இதை நீ அவுககிட்டக் கேட்டேன்னா நான் செத்ததுக்குச் சமம். ஒன் வாழ்க்கையில மண்ணு விழுகவா நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்?"

வீட்டுக்கு வந்து கணவன் முகத்தைப் பார்த்தாள். சத்தியமாக நான் ஆபீசுக்குள் இருந்தேன் பவுனு என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். ஒரு பக்கம் கூடப்பிறந்தவன், ஒரு பக்கம் தாலி கட்டினவன். யார் சொல்வது நிஜம் என்று தெரியாமல், தெரிந்துகொள்ளப் பயந்துகொண்டு, நாலு மாதம் அவனுக்குச் சோறு போட்டாள். ஒரே பாயில் படுத்தாள். இன்றைக்கு இந்த அல்வாவைப் பார்த்த பிறகு இனி அப்படி முடியாது.

சீட்டுகளை எப்போதும் கர்ணன்தான் எழுதுவான். அன்று அவளே எழுதினாள். லூப் லைனில் ஆறு பஞ்சு வேகன்களை நிறுத்தினாள். ஷெட் லைனின் கடைசியில் இரண்டு. மெயின் லைனில், பாயிண்டுக்குக் கிழக்கே மேற்குப் பார்த்து எஞ்சின், அதை ஒட்டி ஒரு வேகன், பின்னால் எட்டு, கடைசியில் கார்டு வண்டி. எல்லாம் வைத்த பிறகு சமையலறைக்குப் போய் ஒரு புளியங்கொட்டை எடுத்து வந்து, ஷெட் லைனில் இருந்த இரண்டு வேகன்களுக்கு நடுவே வைத்தாள்.

கர்ணனின் முகம் மாறியது. வெற்றிலைச் செல்லத்தைத் தேடுகிறவன் போல எழுந்தான்.

"உக்காருங்க," என்றாள் பவுனு. ஆறு வருஷத்தில் அந்தக் குரலை அவன் கேட்டதில்லை. உட்கார்ந்தான்.

"எஞ்சினை ஒட்டி நிக்கிறது மில்லு வேகன். ஷெட்டுக்குப் போகணும். எப்படிக் கொண்டு போவீக?"

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த வேகனை இந்த வண்டியிலிருந்து ஷெட்டுக்குள் விட நேர்வழி இல்லை என்றான். மேற்கே போகிற வண்டிக்கு எஞ்சின் முன்னால் இருக்கிறது. வேகனை உள்ளே இழுத்துப் போனால் எஞ்சின்தான் முதலில் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். வேகனைக் கழற்றி நிறுத்தி, எஞ்சின் லூப் லைன் வழியாகச் சுற்றி வந்து பின்னாலிருந்து தள்ள வேண்டும்.

"சுத்தி வாங்க."

"லூப்ல பஞ்சு நிக்குதே."

"அன்னைக்கும் நின்னுச்சு."

"அப்ப, வேகன் போடிக்குப் போயிட்டுச் சாயங்கால வண்டியில திரும்பி வரணும். வாறப்ப இந்தப் பக்கமிருந்து லேசாப் பின்னால தள்ளி உள்ள விட்டுறலாம். அதான் மொறை."

"மொறை எனக்கும் தெரியும். நீங்கதான் சொல்லிக் குடுத்தீக. மில்லு மொதலாளி ஆபீஸ்ல கலர் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. விடிஞ்சா கலெக்டர் வந்து மிஷினை ஓட்டி வைக்கிறாராம். சாயங்காலம் வரைக்கும் பொறுக்க மாட்டாகளாம். இப்ப என்ன செய்வீக?"

செய்வதற்கு ஒரு வழிதான் பாக்கி. வேகனை எஞ்சின் வேகமாக இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஓட்டத்திலேயே கார்டு கொக்கியைக் கழற்ற வேண்டும். எஞ்சின் பாயிண்டைத் தாண்டி நேரே முன்னால் போன அந்தக் கண்ணிமைப்பில், பாயிண்ட்ஸ்மேன் லெவரை இழுக்க, வேகன் மட்டும் தன் வேகத்தில் ஷெட் லைனுக்குள் உருளும். ஃப்ளை ஷண்ட் என்பார்கள். செய்யவே கூடாது என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

"ஓட்டுங்க," என்றாள்.

"எதுக்குப் புள்ள இது."

"பலகை முன்னால வீட்டுப் பேச்சுக் கூடாது. ஓட்டுங்க."

பின்னால் இருந்த எட்டையும் அவள் கழற்றி விட்டாள். அவன் எஞ்சினைப் பிடித்தான். அவள் வலது கையில் கொண்டை ஊசி, இடது கை விரல் பாயிண்டின் மேல். எஞ்சின் நகர்ந்தது, வேகம் பிடித்தது. கொக்கியைத் தூக்கினாள். எஞ்சின் பாயிண்டைத் தாண்டியது. அவள் விரல் அசையவில்லை. வேகன் எஞ்சினுக்குப் பின்னாலேயே மெயின் லைனில் நேரே ஓடி, மெதுவாக நின்றது. புளியங்கொட்டை இருந்த இடத்தில் இருந்தது.

பவுனு அவன் இடது கையைப் பார்த்தாள். எப்போதும் பலகை விளிம்பில் இருக்கும் கை, இன்றைக்குத் தொடைக்கு அடியில் போயிருந்தது. அந்தக் கையைப் பார்த்தபோதே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. ஒன்றும் இல்லாதவன் கையை ஏன் ஒளிக்க வேண்டும்?

"நீங்க தட்டலை, நான் திருப்பலை," என்றாள். "அன்னைக்கும் இப்படி ஆகியிருந்தா ஒச்சாண்டிக்கு ரெண்டு காலும் இருந்திருக்கும்."

"ஒன் தம்பி அவசரப்பட்டு இழுத்துட்டான். நான் எத்தனை தடவை சொல்ல?"

"லெவரு என்ன கனம்? நான் ஒருக்கா இழுத்துப் பாத்திருக்கேன். ரெண்டு கையும் வேணும், ஒரு காலையும் ஊண்டணும். ரெண்டு கையிலயும் லெவரைப் பிடிச்சவன் எந்தக் கையில கொடியைப் பிடிச்சான்?"

துரைகூட இதைக் கேட்கவில்லை. யார்டில் நின்று லெவரை ஒரு தடவை இழுத்துப் பார்த்திருந்தால் கேட்டிருப்பார்.

வேகனையும் எஞ்சினையும் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் மாட்டினாள். வளையல்கள் பலகையில் இடித்துச் சத்தம் போட்டன.

"மறுபடி. இந்தத் தடவை அன்னைக்கு ஓடுன வேகத்துல. கையை மேல வையுங்க. ஆறு வருஷமா அந்தக் கை எங்கன இருந்துச்சோ அங்கன வையுங்க."

வைத்தான். எஞ்சினைத் தள்ளினான். அவளுடைய கோபத்துக்குப் பயந்தோ, சீக்கிரம் முடிந்தால் சரி என்றோ, நிஜமாகவே வேகமாகத் தள்ளினான். பலகை அதிர்ந்தது. கொண்டை ஊசி கொக்கியைத் தூக்கியது. எஞ்சின் பாயிண்டைத் தாண்டியது.

டக், டக்.

நினைத்துத் தட்டவில்லை அவன். ஆறு வருஷம் பழகின விரல், அந்த இடம் வந்ததும் தானாகத் தட்டிவிட்டது. அவள் விரலும் தானாகத் திருப்பிவிட்டது. வேகன் வளைந்து ஷெட் லைனுக்குள் பாய்ந்து, நின்றுகொண்டிருந்த வேகனில் மோத, புளியங்கொட்டை நசுங்காமல் தெறித்துத் தரையில் விழுந்து, உருண்டு, அல்வாப் பொட்டலத்தின் பக்கத்தில் போய் நின்றது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கைப் பழக்கம்," என்றான் கர்ணன், தாழ்ந்த குரலில்.

"ஆமா. ஒங்களுக்குத் தட்டிப் பழக்கம். எங்களுக்குத் தட்டுனா திருப்பிப் பழக்கம். என் தம்பியும் அதைத்தான் செஞ்சான்."

அதன் பிறகு அவன் மறைக்கவில்லை. மொதலாளி மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தாராம். பெரிய இடத்தில் உன்னைப் பற்றிச் சொல்கிறேன் தம்பி என்றாராம். வாசலில் நின்று கொடியை அசைத்துவிட்டானாம். ஒச்சாண்டி கத்தின கத்தலில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லையாம். முதலில் ஒரு பொய் சொல்லிவிட்டான், டிரைவரும் கார்டும் தங்கள் வேலைக்குப் பயந்து அதற்கு ஒத்து ஊதினார்கள், பிறகு அதிலிருந்து இறங்க வழி தெரியவில்லை. முத்துக்கருப்பன் சின்னவன், ஒண்டிக்கட்டை, எங்கேயும் பிழைத்துக்கொள்வான் என்று மனசைத் தேற்றிக்கொண்டானாம். வேலை போனால் உன்னை எப்படி வைத்துக் காப்பாற்றுவேன் என்று நினைத்தானாம்.

கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றுதான் அவளை எழுப்பி நிறுத்தியது.

"என் பேரைச் சொல்லாதீக. அவனும் எனக்காகத்தான் வாயை மூடிக்கிட்டேன்னான். நீங்களும் எனக்காகத்தான் பொய் சொன்னேங்கிறீக. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன, அந்த முட்டுக்கட்டையா? அய்யம்மா அவன் மேல சாணித் தண்ணி ஊத்துறா. ஞாயித்துக்கிழமை தவறாமப் போயி நிக்கிறான். இந்நேரம்கூட அங்கனதான் நின்னுக்கிட்டு இருப்பான். இங்கன நமக்கு அல்வா."

"சத்தம் போடாத, பவுனு. மாஸ்டர் வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

அவன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். நெற்றியோரம் ஒன்றிரண்டு நரை தெரிந்தது. நாலு மாதத்தில் வந்தவை அவை. இன்னொரு நாளாக இருந்தால் அவள் கை தானாக அந்த முடியைத் தடவப் போயிருக்கும். இப்போதும் போகத்தான் பார்த்தது. முந்தானையை இறுக்கிப் பிடித்து அதை நிறுத்திக்கொண்டாள். இவன் மேல் இருந்த பாசம் அப்படியே இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வெறுத்துவிட முடிந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மார்க்கையன்கோட்டைக்கு நடந்திருப்பாள்.

"இப்ப என்னை என்ன செய்யச் சொல்ற?" என்றான் அவன், நிமிராமல். "முடிஞ்சு போச்சு. எழுதி, கையெழுத்தாகி, முடிஞ்சு போச்சு."

பவுனு கொண்டை ஊசியைப் பலகையிலிருந்து எடுத்தாள். அவிழ்ந்து தோளில் கிடந்த கூந்தலை அள்ளி முடிந்து, ஊசியைக் குத்திக்கொண்டாள். வெளியே போடி வண்டி வருகிற சத்தம் தூரத்தில் கேட்டது. யாரோ புதிய பாயிண்ட்ஸ்மேன் லெவரை இழுக்கிற ஓசையும் கேட்டது.

"அஞ்சு வருசத்துக்கு முன்னால, பங்குனி மாசம், இதே பலகை முன்னால, என் தலையில கை வச்சு ஒண்ணு சொன்னீக. ஞாபகம் இருக்கா?"

கர்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன கேட்டாலும் செய்றேன்னீக. தோணுறப்பக் கேக்கிறேன்னு நான் வச்சிருந்தேன். எத்தனை தீவாளிக்குக் கேளு கேளுன்னீக. நாலு மாசமா இது என் தொண்டையில நிக்குது. உண்மை எதுன்னு தெரியாமக் கேக்க எனக்கு வாய் வரலை. இப்பத் தெரிஞ்சு போச்சு, கேக்கிறேன்."

அவள் குரல் முதல் முறையாகத் தழுதழுத்தது. ஆனாலும் கண்ணைத் துடைக்கவில்லை. அவன் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவும் இல்லை.

"நாளைக்குக் காலை வண்டியில மதுரைக்குப் போங்க, மாமா. துரை முன்னால நின்னு, கொடி காட்டுனது நான், முத்துக்கருப்பன் இல்லைன்னு ஒங்க கையால எழுதிக் குடுங்க. கோட்டைக் கழட்டச் சொன்னாகன்னா கழட்டி வச்சுட்டு வாங்க. நான் கஞ்சி சொமக்கிறேன்."